பேராதனை முதல் ஹக்கலை வரை: மலையகத்தின் இரு தாவரவியல் பூங்காக்களைப் பார்த்துவர ஒரு முழுமையான வழிகாட்டி

பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் போய்வந்தவர்கள் காட்டும் படங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். நெட்டென நிமிர்ந்து நிற்கும் பனை வரிசையின் நடுவே குடும்பம், ஓக்கிட் பூவுக்குப் பக்கத்தில் ஒரு முகம், தொங்கு பாலத்தில் ஒரு கூட்டம். இவற்றை இரண்டு மணித்தியாலத்தில் முடித்துக்கொண்டு, கால் வலிக்கிறது என்று வெளியே வந்து, கண்டிக் கடைகளுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்தப் பூங்காவின் பரப்பு 147 ஏக்கர். மகாவலி கங்கை குதிரை லாடம் போல வளைந்து ஓடும் இடத்தில், அந்த வளைவுக்குள் அமைந்திருக்கும் அங்கே 4000க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் வளர்கின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று புறப்படுவதுதான் பலர் செய்யும் தவறு. எதைப் பார்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதை வீட்டிலிருந்தே தீர்மானித்துக்கொண்டு போகிறவர்களுக்கே அந்த நாள் நிறைவாக அமைகிறது.

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து உறவினர்களையும் மாணவர்களையும் பலமுறை அழைத்துச் சென்ற பழக்கத்தில் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பேராதனையோடு ஹக்கலைப் பூங்காவையும் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பேராதனையில் தொடங்கி கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, நுவரெலியா, வெலிமடை வழியாகப் பதுளைக்குச் சென்று, அங்கிருந்து செங்கலடி வரை நீளும் ஏ5 வீதி இந்த இரண்டு பூங்காக்களையும் ஒரே கோட்டில் இணைக்கிறது. அந்த வீதியின் இரு புறமும் நாம் பிறந்து வளர்ந்த தேயிலை மலைகள். அந்தத் தேயிலையின் கதையும் பேராதனையில்தான் தொடங்குகிறது.

முதலில் காலத்தையும் நாளையும் தெரிவு செய்தல்

பேராதனை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 மீற்றர் உயரத்தில் இருப்பதால், நுவரெலியாக் குளிருக்குப் பழகியவர்களுக்கு அங்கே வெயில் உறைக்கும். மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவ மழையும், ஒக்டோபருக்குப் பிறகு இடி மின்னலோடு பிற்பகல் மழையும் வரும். சனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரையிலான காலமே நடந்து திரிய வசதியானது. ஆனால் மழைக்காலத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் கூடாது. இராட்சத மூங்கிலின் குருத்துகள் நிலத்தைப் பிளந்துகொண்டு எழுவதை அப்போதுதான் பார்க்க முடியும். குடையும், வழுக்காத அடியுள்ள செருப்பும் இருந்தால் போதும்.

ஹக்கலை இதற்கு நேர்மாறானது. அது ஏறத்தாழ 1700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ரோசாவும் பருவப் பூக்களும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களில் செழித்து நிற்கும். ஆனால் அதே வாரங்களில்தான் நுவரெலியாவின் வசந்த காலக் கொண்டாட்டமும் நடப்பதால், வீதி நெரிசலில் பாதி நாள் போய்விடும். பூவும் வேண்டும், நெரிசலும் வேண்டாம் என்பவர்கள் மார்ச் இறுதியில் போவதே நல்லது.

எந்தப் பூங்காவாக இருந்தாலும் போயா எனும் பௌர்ணமி விடுமுறை தினத்தையும், நீண்ட வார விடுமுறையையும், பாடசாலைகள் சுற்றுலா வரும் தவணைக் கடைசி வாரங்களையும் தவிர்த்துவிடுங்கள். செவ்வாய், புதன் போன்ற வேலை நாளொன்றில் காலையிலேயே போனால், பறவைகளின் குரலும் சருகின் ஓசையும் மட்டுமே கேட்கும் ஒரு மணித்தியாலம் உங்களுக்குக் கிடைக்கும்.

போய்ச் சேரும் வழி

ஹட்டன், தலவாக்கலை, நானுஓயாப் பக்கத்தவர்களுக்கு ரயிலே சுகமானது. பதுளை வழித்தடமும் கண்டி, மாத்தளை வழித்தடமும் பேராதனைச் சந்தியில்தான் பிரிகின்றன. அங்கே இறங்கினால் ஆட்டோவில் சில நிமிடங்களில் பூங்கா வாயிலை அடைந்துவிடலாம். எல்லா ரயில்களும் கண்டி நிலையத்துக்குப் போவதில்லை என்பதால், ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிவால் ரயில் நிற்பதும் உண்டு. ஆகவே முதல் நாளே நிலையத்தில் விசாரிப்பது அவசியம்.

பேருந்தில் வருவதானால், நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குச் செல்லும் பேருந்துகள் பூங்கா வாயிலைக் கடந்தே போகும். "பூந்தோட்டத்தில் இறக்கிவிடுங்கள்" என்று நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், கண்டி வரை போய்த் திரும்பி வர வேண்டியிருக்காது. கண்டியிலிருந்து வருகிறவர்களுக்கு இது ஐந்தாறு கிலோமீற்றர் தூரந்தான்.

வாயிலில் செய்ய வேண்டியவை

உள்நாட்டவர்களுக்கும் வெளிநாட்டவர்களுக்கும் நுழைவுக் கட்டணம் வேறு வேறு. இந்த வேறுபாடு பெரிது என்பதால் தேசிய அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். கனடாவிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ உறவினர் வந்திருந்தால், அவர்களுக்கான கட்டணத்தை முன்பே விசாரித்து அவர்களிடமும் சொல்லிவிடுவது நாகரிகம். சீட்டு வாங்கும் இடத்தில் வரிசை நகராமல் நின்று, "மாமா, நீங்கள் வெளிநாட்டவர் கணக்கில் வருகிறீர்கள்" என்று சொல்ல நேர்வது யாருக்கும் இனிமையாக இருப்பதில்லை.

உள்ளே காலெடுத்து வைக்குமுன் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். வாயிலில் இருக்கும் வரைபடத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் போய்வாருங்கள், ஏனெனில் உள்ளே அவை தொலைவு தொலைவாகவே இருக்கின்றன. நடக்க இயலாத முதியவர்கள் கூட இருந்தால், வாடகைக்கு ஓடும் சிறிய மின்வண்டி அன்று கிடைக்குமா என்று கேளுங்கள். வீட்டுச் சோற்றுப் பொதி கொண்டுபோனால் வாழையிலையில் கட்டிக்கொள்வது உத்தமம். பொலித்தீனைக் குரங்குகள் கிழித்துப் பரப்பிவிடும்.

பேராதனைக்குள் நடக்கும் முறை

வாயிலைக் கடந்ததும் கண்ணில் படும் பூப்பாத்திகளும் ஓக்கிட் இல்லமும் பலரை அங்கேயே நிறுத்திவிடுகின்றன. என் ஆலோசனை வேறு. பூங்காவின் தொலைவான பகுதிகளை உடம்பில் தெம்பு இருக்கும் காலையிலேயே பார்த்துவிட்டு, ஓக்கிட் இல்லத்தைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது வாயிலுக்கு அருகில்தான் இருக்கிறது, கூரையும் உண்டு, மழை வந்தாலும் பார்க்கலாம்.

வாயிலிலிருந்து அதிகத் தொலைவில்லாத வாசனைத் திரவியத் தோட்டத்தை மட்டும் தொடக்கத்திலேயே பாருங்கள். கறுவா, கராம்பு, ஏலம், மிளகு, சாதிக்காய் என்று அடுக்களையில் நாளும் கையாள்பவற்றை மரமாகவும் கொடியாகவும் பார்ப்பது பிள்ளைகளைவிடப் பெரியவர்களையே அதிகம் கவர்கிறது. என் அப்பாயி முதல்முறை வந்தபோது, வெடித்த சாதிக்காயின் உள்ளே கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலையாகப் படர்ந்திருந்த சாதிபத்திரியைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருசமா ரெண்டையும் வேற வேற மரமுன்னுல்ல நெனச்சேன்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்பிக் கூட்டிப் போக அரை மணித்தியாலம் ஆனது.

அதன் பிறகு ஆற்றோரப் பாதையைப் பிடித்து நடக்க வேண்டும். ஒரு புறம் மகாவலி, மறு புறம் மூங்கில் புதர்கள். பர்மாப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இராட்சத மூங்கில் முப்பது மீற்றருக்கும் மேலாக உயரும். மழைக்காலத்தில் இளங்குருத்து ஒரு நாளில் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் வளரக்கூடியது. காலையில் ஒரு குருத்தின் பக்கத்தில் குச்சி நட்டு உயரத்தைக் குறித்துவிட்டு, மாலையில் வெளியேறுமுன் மீண்டும் வந்து பார்க்குமாறு மாணவர்களிடம் சொல்வதுண்டு. வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். மூங்கில் தண்டுகளில் ஆணியால் செதுக்கப்பட்ட பெயர்களும் இதய வடிவங்களும் தெரியும். அவற்றில் தமிழ்ப் பெயர்களும் உண்டு என்பதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தொங்கு பாலம் பூங்காவின் உட்பகுதியில் ஆற்றின் மேல் இருக்கிறது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்ற கட்டுப்பாடு உண்டு, சில வேளைகளில் மூடியும் இருக்கும். அதற்காகவே போய் ஏமாறாதீர்கள்.

ஆற்றோரத்திலிருந்து உள்நோக்கித் திரும்பினால் மரச்சாலைகள் வரும். வேலிபோல ஒரே உயரத்தில் செல்லும் அரசப்பனைச் சாலையைப் பார்க்காமல் யாரும் வர மாட்டார்கள் என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. 1887இல் நடப்பட்ட பனைமரச் சாலையைத் தேடிப் போங்கள். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு அது ஊர்ப் பனைதான், ஆனால் மலையகப் பிள்ளைகளில் பலர் பனையை நேரில் பார்ப்பது அங்கேதான். இரட்டைத் தேங்காய் மரங்கள் நிற்கும் இடத்திலும் நின்று பார்க்க வேண்டும். சீஷெல்ஸ் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட இந்த மரத்தின் விதையே தாவர உலகில் மிகப் பெரியது. காய் முற்றுவதற்கு ஆறேழு ஆண்டுகள் எடுக்கும். மரம் எங்கே வளர்கிறது என்று தெரியாத காலத்தில், வெற்று ஓடுகள் மாலைதீவுக் கரைகளில் ஒதுங்கியதைக் கண்டவர்கள் அது கடலுக்கடியில் காய்க்கிறது என்றே நம்பினார்கள். அதனால்தான் கடல் தேங்காய் என்ற பெயரும் நிலைத்துவிட்டது. ஆண் மரமும் பெண் மரமும் வேறு வேறு என்பதைக் காய் இருக்கும் மரத்தையும் இல்லாத மரத்தையும் ஒப்பிட்டுப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

தாளிப்பனை பூத்திருக்கிறதா என்று வாயிலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஓலைச்சுவடிக்கு ஏடு கொடுத்த அந்த மரம் முப்பது முதல் எண்பது ஆண்டுகள் வரை வளர்ந்து, தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை உச்சியில் பெரும் பூங்கொத்தை விரித்து, காய்த்து, பட்டுப்போகும். அது பூத்திருந்தால் மற்றத் திட்டங்களை மாற்றிக்கொள்ளலாம்.

நடுவில் இருக்கும் பெரும் புல்வெளியில் ஜாவா அத்தி என்று அழைக்கப்படும், ஆலின் இனத்தைச் சேர்ந்த ஒற்றை மரம் ஏறத்தாழ 2500 சதுர மீற்றர் பரப்பை நிழலால் மூடி நிற்கிறது. பாம்பைப்போல் நெளிந்து கிடக்கும் அதன் வேர்களில் ஏறி நடக்காமல் தள்ளியே உட்காருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அருகில் உணவகமும் இருக்கிறது, விலை மட்டும் சுற்றுலாப் பயணிகளுக்கானது. புல்வெளியின் ஓரங்களில் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு குடையும், குடைக்குள் இரண்டு பேரும் தெரிவார்கள். மழை பெய்யாத நாளிலும் அந்தக் குடைகள் விரிந்தே இருக்கும். பிள்ளைகள் காரணம் கேட்டால் வெயில் என்று சொல்லி மேலே நடக்கலாம்.

பெரியவர்கள் நட்ட மரங்கள்

இந்த நிலம் பூங்காவாவதற்கு முன்பே அரச வரலாற்றில் இடம் பெற்றது. 1371இல் மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் இங்கே அரசவை நடத்தினான் என்பது மரபு. கண்டியை ஆண்ட நாயக்கர் வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் இது அரச தோட்டமாக இருந்தது. கண்டி ஆங்கிலேயர் வசமான பின், 1821இல் அலெக்சாண்டர் மூன் இதைத் தாவரவியல் பூங்காவாக நிறுவினார். இரண்டாம் உலகப் போரின்போது, தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தளபதியாக இருந்த மவுண்ட்பேட்டன் பிரபு தன் தலைமையகத்தை இங்கேதான் அமைத்தார்.

விருந்தினர்கள் நட்ட மரங்கள் ஒரு பகுதியில் பெயர்ப்பலகையோடு நிற்கின்றன. விண்வெளிக்கு முதலில் சென்ற யூரி ககாரின் 1961இல் நட்டதும் அவற்றில் ஒன்று. ஆனால் நீங்கள் தேட வேண்டியது, பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் 1901இல் நட்ட நாகலிங்க மரத்தை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம் அது. படமெடுத்த நாகத்தின் கீழே லிங்கம் இருப்பதாக நம் சைவர்கள் அதன் பூவைக் காண்கிறார்கள். அதே பூவைச் சிங்கள பௌத்தர்கள் சால் பூ என்று விகாரையில் வைக்கிறார்கள். வடஇந்தியாவின் உண்மையான சால மரமோ வேறு இனம். மரத்துக்கு இது எதுவும் தெரியாது, அது அடிமரத்திலேயே பூத்து, பீரங்கிக் குண்டு போன்ற காய்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறது. காய் விழும் என்பதால் அதன் அடியில் நின்று படமெடுக்க வேண்டாம்.

பெயர்ப்பலகையை வாசிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஏற்படுத்துங்கள். தாவரவியல் பெயர், குடும்பம், தாயகம் ஆகிய மூன்றையும் கொப்பியில் எழுதி, வீட்டில் நாம் அழைக்கும் பெயரை நான்காவது நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். தாயகம் என்ற நிரல் நிறைந்துவரும்போது, உலகின் எத்தனை கரைகளிலிருந்து இந்த மரங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன என்பது அவர்களுக்கே புரியும்.

இதைச் செய்யும்போது நம் கதையையும் சொல்லிவிடலாம். 1839 இறுதியில் கல்கத்தா தாவரவியல் பூங்காவிலிருந்து அசாம் தேயிலை விதைகள் பேராதனைக்கு வந்தன. அப்போது மலையெங்கும் கோப்பி. நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்ததும் கோப்பிக்காகவே. 1867இல் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது, விதையைத் தந்தது பேராதனைதான். 1869இல் கோப்பி இலைகளில் துருநோய் தோன்றி, சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களை வீழ்த்தியது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. பறவைகளின் கூச்சலுக்கு நடுவே இந்தக் கதையைச் சொன்னால், வகுப்பறையில் கேட்காத கேள்விகளைப் பிள்ளைகள் அங்கே கேட்பார்கள்.

வௌவாலும் குரங்கும்

உயரமான மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் நூற்றுக்கணக்கில் தலைகீழாகத் தொங்கும். சிறகு விரித்தால் ஒரு மீற்றருக்கும் மேல். பகலிலும் ஓயாமல் சண்டை பிடிக்கும், இடம் மாறிப் பறக்கும். நேர் கீழே நிற்காமல் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதற்கான காரணத்தைச் சட்டை கெட்டவர்கள் சொல்வார்கள். குரங்குகளுக்கு உணவு காட்டாதீர்கள். கையில் திறந்த பிஸ்கட் பெட்டியோடு நடக்கும் குழந்தையைத்தான் அவை முதலில் குறிவைக்கும்.

ஹக்கலைக்குப் போதல்

பேராதனையையும் ஹக்கலையையும் ஒரே நாளில் பார்க்க முயலாதீர்கள். நுவரெலியா வரையிலான ஏற்றத்துக்கே பேருந்தில் மூன்று மணித்தியாலம் அளவில் எடுக்கும், மலைவளைவுகளில் தலைசுற்றல் வேறு. இடையில் வரும் புசல்லாவையிலும் கதை உண்டு. 1841இல் சீனாவிலிருந்து வந்த தேயிலைக் கன்றுகள் அங்கேயுள்ள ரொத்ஸ்சைல்ட் தோட்டத்தில் நடப்பட்டன. ஒரு நாள் பேராதனை, இரவு நுவரெலியாவில் தங்கல், மறுநாள் காலை ஹக்கலை என்று வகுத்துக்கொள்வதே சரி.

நுவரெலியாவிலிருந்து வெலிமடை வீதியில் ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் தூரத்தில், ஹக்கலைப் பாறையின் அடிவாரச் சரிவில் இந்தப் பூங்கா இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால் சீதா எலியவில் சீதை அம்மன் கோயில். சீதை சிறையிருந்த அசோகவனம் இந்தப் பக்கமே என்ற நம்பிக்கையால், பலர் கோயிலையும் பூங்காவையும் ஒரே பயணத்தில் முடிக்கிறார்கள். காலையில் முதலில் கோயில், பிறகு பூங்கா என்று வைத்துக்கொண்டால் மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகும் பிரச்சினையும் எழாது.

ஹக்கலை பேராதனையைப் போலச் சமதரை அல்ல, எங்கும் படியும் ஏற்றமுமே. முழங்கால் வலியுள்ளவர்கள் கீழ்த்தட்டிலுள்ள ரோசாத் தோட்டத்தோடும் குளத்தோடும் நிறைவடையலாம். மற்றவர்கள் பன்னத் (ஃபெர்ன் செடிகளின்) தோட்டம் வரை ஏறிப் பாருங்கள். ஆளுயரத்தைத் தாண்டிக் குடை விரித்த மரப்பன்னங்களும், பாசி படர்ந்த தண்டுகளும், அதற்கப்பால் தொடங்கும் காப்புக் காடும் சேர்ந்து வேறொரு நாட்டுக்கு வந்த உணர்வைத் தரும். என் கணக்கில் ஹக்கலையின் அழகு பூக்களில் இல்லை, அந்தப் பன்ன நிழலில்தான். காட்டோரத்தில் மலையகத்துக்கே உரிய, ரோமம் அடர்ந்த கருங்குரங்குகளைக் காணலாம். மேகம் விலகினால் கீழே ஊவாப் பள்ளத்தாக்கு விரியும். ஆகையால் மூடுபனி ஏறுமுன் காலை பத்து மணிக்குள் உச்சிப் பகுதியைப் பார்த்துவிட வேண்டும். ஈர நாட்களில் புல் ஓரங்களில் அட்டை இருக்கும். கொழுந்து மலையில் செய்வதுபோல உப்பையோ சவர்க்காரத்தையோ காலில் பூசிக்கொள்ளலாம்.

இந்தப் பூங்கா 1861இல் தொடங்கப்பட்டது அழகுக்காக அல்ல, சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்காக. மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா அதன் பட்டையிலிருந்துதான் எடுக்கப்பட்டது. கோப்பி அழிந்த காலத்தில் தோட்டத்துரைமார் சிங்கோனாவை மலையெங்கும் நட்டார்கள், பட்டை மிகுந்து விலை சரிந்ததும் பிடுங்கித் தேயிலைக்கு மாறினார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு மலையை இன்றும் கொய்னா மலை என்றே சொல்கிறோம். அங்கே ஒரு சிங்கோனா மரமும் இல்லை. அந்தப் பெயருக்குக் காரணமான மரத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஹக்கலையில்தான்.

செடி வாங்கும்போது

இரண்டு பூங்காக்களிலும் நாற்றுகள் விற்கப்படுகின்றன. இதை எப்போதும் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள், முதலில் வாங்கினால் நாள் முழுதும் சுமக்க வேண்டும். வாங்குமுன் உங்கள் ஊரின் உயரத்தைச் சொல்லி அது அங்கே பிழைக்குமா என்று கேளுங்கள். பேராதனையின் வெதுவெதுப்பில் தழைக்கும் செடி தலவாக்கலைப் பனியில் கருகும். ஹக்கலையில் வாங்கிய ரோசா மட்டக்களப்பு வெயிலில் அதே பூவைத் தராது. அப்பாயிக்காக நாங்கள் பேராதனையில் வாங்கிய சாதிக்காய்க் கன்று, லயத்து வாசலில் இரண்டு மார்கழிகளைத் தாண்டவில்லை. அடுத்தமுறை ஹக்கலையிலிருந்து ஒரு பன்னம் கொண்டுவந்து அதே குழியில் வைத்தோம். வேர்மண் உதிராமல் ஈரச் சாக்கில் சுற்றி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது அது, இப்போது வாசல் படியை மறைத்து நிற்கிறது.